உள்ளதைச் சொல்ல ஓர் இடம்

ஜோகூர் பாரு வட்டாரத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில், ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோனை வழங்கும் சாளரத்தின் முன் காலை வேளையில் காத்து நிற்கிறவர்களைப் பார்த்தால், சர்க்கரை வியாதிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்க வந்தவர்களிடமிருந்து அவர்களைப் பிரித்தறிவது எளிதன்று. லாரி ஓட்டுகிறவர், பாசீர் கூடாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வருகிறவர், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற முதியவர் என்று பலரும் அந்த வரிசையில் இருப்பார்கள். பெயரைக் கேட்டதும் மருந்தாளுநர் பதிவேட்டைப் புரட்டி, அன்றைக்குரிய அளவை ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறார். வந்தவர் அதை அவருடைய கண்ணெதிரிலேயே குடித்து, மேலே சிறிது தண்ணீரும் குடித்து, மருந்தை வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்கப் போவதில்லை என்பது விளங்கும்படி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கையொப்பமிட்டுப் போகிறார். எல்லாம் இரண்டு மூன்று நிமிஷங்களில் முடிந்துவிடுகின்றன. அந்நாளில் எஞ்சிய பொழுது முழுவதையும், பழக்கம் தொடங்கிய அதே தாமானில், அதே சகவாசத்தின் நடுவே, பழைய விற்பனையாளன் கைத்தொலைபேசியில் கூப்பிட்டால் எட்டிவிடும் தூரத்திலேயே அவர் கழித்தாக வேண்டும்.

வெளிநோயாளியாக இருந்துகொண்டு போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவது என்பது இதுதான். மருத்துவருக்கு மாதத்தில் சில நிமிஷங்களும் மருந்தாளுநருக்கு நாளில் சில நிமிஷங்களும் போக, மீதியெல்லாம் சமூகப் பணியாளருடைய பொறுப்பில் விழுகிறது. அவர் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணி அதிகாரியாக இருக்கலாம்; ஏஏடிகே என்று நாம் வழங்கும் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் உத்தியோகஸ்தராக இருக்கலாம்; தொண்டு ஸ்தாபனம் ஒன்றின் சொற்ப சம்பளத்தில் அடுக்குமாடிப் படிகளை ஏறி இறங்கும் களப்பணியாளராகவும் இருக்கலாம். யாராயிருப்பினும், ஆற்றுப்படுத்தும் பேச்சைத் தவிர அவர் கையில் ஆயுதம் ஒன்றும் இல்லை. வீட்டில் என்ன நடந்தது, எப்போது மனம் தடுமாறியது, யார் கூப்பிட்டார்கள், எவ்வளவு வாங்கினார், வாங்கிய காசு எங்கிருந்து வந்தது ஆகியவற்றை நோயாளி உள்ளபடி சொன்னால்தான் அடுத்த வாரத்துக்கு ஒரு வழி கண்டுபிடிக்க முடியும். அவர் பொய் சொல்லத் தொடங்கிவிட்டால், நாற்காலி இருக்கும், கோப்பு இருக்கும், வருகைப் பதிவும் இருக்கும். சிகிச்சை மட்டும் இராது.

ஜோகூரில் இப்பணியில் இருப்பவர்களுக்கு நேரும் இடையூறுகளை ஆளுக்கு ஒரு விதமாகப் பட்டியலிடலாம்: ஆள் பற்றாக்குறை, பண முடை, வாகன வசதியின்மை, காகித வேலை. இவை எல்லா ஊர்களிலும் எல்லாத் துறைகளிலும் உள்ளவையே. இத்துறைக்கென்றே உரிய இடையூறு, இவை எல்லாவற்றையும்விட ஆழமானது: நோயாளி உண்மை சொன்னால்தான் சமூகப் பணியாளர் பணி செய்ய முடியும், ஆனால் சட்டமும், முதலாளியும், சொந்த வீடுமே அந்த உண்மைக்குத் தண்டனை வைத்திருக்கின்றன.

சட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1983ஆம் வருஷம் பிப்ரவரி 19ஆம் தேதி, அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர், போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே வந்த அபாயமென்று பிரகடனம் செய்தார். அந்நாளே இன்றளவும் தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நாளாக இருந்துவருகிறது. அதே வருஷத்தில் பிறந்த சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின்படி, பழக்கமுள்ளவரென்று ஐயத்துக்குரிய ஒருவரைப் பரிசோதனைக்காக 24 மணி நேரம் தடுத்து வைக்கலாம். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பெற்றால் அது 14 நாள்வரை நீளலாம். பழக்கம் உறுதியானால் இரண்டு வருஷம் மறுவாழ்வு மையத்திலும் அதன்மேல் இரண்டு வருஷம் கண்காணிப்பிலும், அல்லது மையத்துக்கு அனுப்பாமல் இரண்டு முதல் மூன்று வருஷம்வரை வெளியிலேயே கண்காணிப்பிலும் வைக்க அச்சட்டம் நெடுங்காலம் இடங்கொடுத்தது. இதற்குப் புறம்பாக, 1952ஆம் வருஷத்து அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உட்கொண்டதையே குற்றமாக்கி, 5,000 வெள்ளிவரை அபராதமோ இரண்டு வருஷம்வரை சிறையோ விதிக்க இடங்கொடுக்கிறது. ஒரே மனிதர் ஒரே செய்கைக்காக ஒரு சட்டத்தின் கண்ணுக்கு நோயாளியாகவும் மற்றொரு சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளியாகவும் தென்படுகிறார்.

இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறவர் சமூகப் பணியாளர். கண்காணிப்பு உத்தரவின்கீழ் உள்ள ஒருவர் குறித்த நாளில் வந்து ஒப்பமிடவும் சிறுநீர் கொடுக்கவும் கடமைப்பட்டவர். உத்தரவை மீறினால் வழக்கு வரும். அப்படிப்பட்டவர் எதிரே அமர்ந்து, 'போன சனிக்கிழமை தவறிவிட்டேன், அக்கா' என்று சொல்ல வாயெடுக்கும்போதே அவருடைய கண் மேஜைமேல் இருக்கும் குறிப்பேட்டின்மேல் போகிறது. இதில் எழுதுவது யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, 'எல்லாம் நல்லாத்தான் போகுது' என்று முடித்துக்கொள்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போது, அனுபவமுள்ள பணியாளருக்கு ஏற்படும் மனச்சோர்வைப் போன்றதொன்று இந்த உத்தியோகத்தில் வேறில்லை.

சிறுநீர்ப் பரிசோதனை இருக்க, வாய்மொழி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பரிசோதனைத் தாள் சொல்வது மிகக் குறைவு. ஹெராயினும், சியாபு என்று வழங்கும் மெத்தாம்ஃபெட்டமினும் உடம்பில் ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு நாள்வரை தடயம் காட்டும். அதற்கு முந்திய கதை தாளுக்குத் தெரியாது. நாள்தோறும் ஐந்து முறை உபயோகித்தவர் வாரத்துக்கு ஒரு முறை என்று குறைத்துக்கொண்டு வந்திருந்தால், அது பெரியதொரு முன்னேற்றம்; ஆயினும் தாளில் தோன்றுவது அதே கோடுதான். குறித்த நாளுக்கு முன் நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கொடுத்த கையோடு போய் வாங்குகிறவருக்கோ தாள் நற்சான்று வழங்கிவிடும். இவ்விருவரில் யார் குணமடைந்துவருகிறார் என்பதை அறிய வேண்டுமானால், அவர்கள் வாயிலிருந்துதான் அறிய வேண்டும். அறிந்ததை ஏற்றுக்கொள்ளும் பக்குவம் அலுவலகத்துக்கும் இருக்க வேண்டும்.

வற்புறுத்தலால் வரும் பயன் எவ்வளவு என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் உண்டு. ஹெராயின் பழக்கமுள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2017ஆம் வருஷம் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியிட்ட மலேசிய ஆய்வொன்றில், கட்டாயத் தடுப்பு மையங்களிலிருந்து வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் 31 நாட்களுக்குள் பழக்கத்துக்குத் திரும்பியிருந்தார்கள்; தாமாக முன்வந்து மெத்தடோன் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் திரும்புவதற்கு 352 நாட்கள் ஆயின. ஒரு மாதத்துக்கும் ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கும் உள்ள இந்த இடைவெளியில், வேலை கிடைத்த தகப்பன்மார் எத்தனை பேர், பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காமல் தப்பிய குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அரசாங்கமும் இதை உணராமலில்லை. மெத்தடோன் சிகிச்சை 2005 அக்டோபரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று; எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் பொருட்டு, பழைய ஊசிகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுக்கும் திட்டம் 2006ஆம் வருஷத்தில் தொடங்கியபோது, முதலில் தேர்ந்த ஊர்கள் மூன்றனுள் பினாங்குடனும் கோலாலம்பூருடனும் ஜோகூர் பாருவும் ஒன்றாயிருந்தது. 2010 முதல் ஏஏடிகே, தாமாக வருகிறவர்களுக்கென்று திறந்த கிளினிக்குகளையும் நடத்திவருகிறது. ஆகவே மனம் மாறவில்லை என்று எவரும் குறை சொல்ல முடியாது. சட்டப் புத்தகம் மட்டும் மனத்தைப் பின்தொடர்ந்து வரத் தாமதிக்கிறது.

இங்கே ஜோகூரின் சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமற்றதன்று. 1840களிலிருந்து, தெமெங்கோங் இப்ராகிம் காலத்தில், நதிக்கு ஒருவராகச் சீனத் தலைவர்களுக்குச் சாசனம் வழங்கி, மிளகும் கம்பீரும் பயிரிடச் செய்தார்கள். காங்சு என்று அழைக்கப்பட்ட அத்தலைவர்களுக்கு, தத்தம் நதிக்கரையில் அபின், மது, சூதாட்டம் ஆகியவற்றின் ஏகபோக உரிமையும் சேர்ந்து கிடைத்தது. காட்டைத் திருத்த வந்த கூலி, பகலில் சம்பாதித்ததை இரவில் அபினுக்குக் கொடுத்தான். அபின் குத்தகைப் பணம் இராஜ்ஜியத்தின் தலையாய வருமானங்களில் ஒன்றாயிற்று. அந்த ஏற்பாடு 1917இல்தான் ஒழிந்தது. கங்கார் பூலாய், கங்கார் திப்ராவ் என்று இன்றும் பேருந்துப் பலகைகளில் நாம் வாசிக்கும் ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் மிச்சங்களே. தமிழ்த் தொழிலாளிக்கோ, தோட்டத்துக்கருகே கள்ளுக்கடையை வைத்துக் கொடுத்தார்கள். உழைப்பாளியின் போதையை வருமானமாக்கிக்கொண்ட ஒரு மண், பின்னர் அவனையே குற்றவாளியாக்கி நிறுத்தியதென்பதை நினைக்கும்போது, பழக்கத்தைத் தனிமனிதனுடைய ஒழுக்கக்கேடு என்று மட்டும் கருதுவது எவ்வளவு அநியாயமென்பது விளங்கும்.

மீண்டும் கிளினிக்குக்கு வருவோம். சமூகப் பணியாளர் ஒருவர் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான திருஷ்டாந்தம், மருந்தோடு மருந்து மோதும் விஷயம். மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் காசநோய் காண்கிறது. வேறொரு கிளினிக்கில் அதற்கு மருந்து தொடங்குகிறார்கள். அம்மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்பது முக்கியமானது. அது கல்லீரலைத் தூண்டி மெத்தடோனை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துவிடும். முன்பு ஒரு நாள் முழுவதும் தாங்கிய அளவு இப்போது சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகிறது. நள்ளிரவில் வியர்த்துக் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது, எலும்பெல்லாம் வலிக்கிறது. அவர் மறுநாள் வந்து, 'மருந்து பத்தலை, கொஞ்சம் கூட்டிக் கொடுங்க' என்கிறார். போதைக்காரர் மருந்தைக் கூட்டிக் கேட்டால் உலகம் என்ன நினைக்கும்? மயக்கத்துக்காகக் கேட்கிறார், அல்லது விற்பதற்காகக் கேட்கிறார் என்றே நினைக்கும். அவர் சொன்னது சத்தியம். அதை நம்புவார்தான் இல்லை. நாலைந்து நாள் துடித்துவிட்டு, பழைய இடத்துக்கே போய் வாங்கிக்கொள்கிறார். அல்லது காசநோய் மருந்தை நிறுத்திவிடுகிறார். அவருடைய பையில் இருக்கும் இரண்டு கிளினிக்குகளின் அட்டைகளையும் ஒருசேர வாங்கிப் பார்க்கிறவர், பெரும்பாலும், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிய சமூகப் பணியாளராகத்தான் இருப்பார். அவர் ஒரு தொலைபேசி அழைப்பு செய்து மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னால், அளவு திருத்தப்பட்டுவிடும். அந்த அழைப்புக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடமில்லை.

வேலைக்குப் போகிறவர்களுடைய நிலை வேறு. 1924இல் திறந்த தாம்போதியைக் கடந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் போய் வருகிறவர்களை நம்பித்தான் ஜோகூர் பாருவில் எத்தனையோ குடும்பங்கள் ஜீவிக்கின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால்தான் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி ஏழு மணி வேலைக்குப் போய்ச் சேரலாம். திரும்பி வரும்போது இருட்டிவிடும். கிளினிக்கோ அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். சில மாதங்கள் ஒழுங்காக வந்து நம்பிக்கை பெற்றவர்களுக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். ஆனால் அந்த நிலையை அடையும்வரை நாள்தோறும் நேரில் வந்தாக வேண்டும். மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துப் போகலாமென்றால், மெத்தடோன் சிங்கப்பூரில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன் அனுமதியின்றி எல்லையைக் கடத்த முடியாது. இதே சிகிச்சைக்கு உதவும் புப்ரெநோர்ஃபினையே 2006 ஆகஸ்டில் முதல்தர போதைப்பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்ட தேசம் அது. ஆகவே சிகிச்சையா, சிங்கப்பூர்ச் சம்பளமா என்ற கேள்வி எழுகிறது. மூன்று குழந்தைகளின் தகப்பன் சம்பளத்தைத் தேர்ந்தெடுத்தால் அவரைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? முதலாளியிடம் சொல்லித் தாமதமாக வர அனுமதி கேட்கலாம் என்பார்கள். முதலாளியிடம் சொன்ன மறுகணம் வேலை நிலைக்குமா என்பதுதான் தெரியவில்லை. இங்கேயும் உண்மை தண்டனைக்குரியதாகிவிடுகிறது.

கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களில் இன்னொரு பெரிய மாறுதல் நேர்ந்திருக்கிறது. ஹெராயினைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சியாபு முன்னே வந்துவிட்டது. ஹெராயினுக்கு மெத்தடோன் உண்டு. அதைக் குடிப்பதற்காகவேனும் நோயாளி நாள்தோறும் கிளினிக் வாசலை மிதிப்பார். மிதிக்கும்போது பணியாளர் அவர் முகத்தைப் பார்த்து, கன்னம் ஒட்டியிருக்கிறதா, சட்டை மாற்றியிருக்கிறாரா, பேச்சில் எரிச்சல் இருக்கிறதா என்று கவனித்துக்கொள்ள முடியும். சியாபுவுக்கு ஈடான மாற்று மருந்து இன்றுவரை எந்த நாட்டிலும் நிலைபெறவில்லை. ஆகவே சியாபு பழக்கமுள்ளவர் கிளினிக்குக்கு வருவதற்கு ஒரு காரணமும் இல்லை, பணியாளருடைய பேச்சு ஒன்றைத் தவிர. அந்தப் பேச்சும், தூக்கமின்றி மூன்று இரவுகள் விழித்து, அண்டை வீட்டார் தம்மைக் கொல்லச் சதி செய்வதாக நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் நடத்த வேண்டிய பேச்சு. தனியாக வீட்டுக்குப் போகும் பெண் பணியாளருக்கு அதில் உள்ள அபாயத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. இத்தகையவரைத் தம்போயிலுள்ள பெர்மாய் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய சந்தர்ப்பமும் நேரும். அந்தப் பெயரைச் சொன்னவுடனே, 'என் மகனுக்குப் பைத்தியம்னா சொல்றீங்க?' என்று தாயார் கதவைச் சாத்திவிடுவதும் உண்டு.

தாயாரைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, லயத்து வீடுகளிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் மாசாயிலும் ஸ்கூடாயிலும் உலு திராமிலும் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறின. தோட்டத்தில் ஒருவன் கெட்டுப்போனால் கண்டிக்க, கங்காணி இருந்தார், கோயில் தலைவர் இருந்தார், நாலு வீடு தள்ளிப் பெரியப்பா இருந்தார். ஐந்தாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டால் கேட்பார் ஒருவருமில்லை. எஞ்சியவர் தாய். அவர் மகனுக்காகப் பொய் சொல்கிறார், அவன் கடனை அடைக்கிறார், சீட்டுப் பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார், அவன் கெஞ்சும்போது அதிலிருந்தே பத்து வெள்ளி எடுத்தும் கொடுக்கிறார். பணியாளர் வந்து கேட்டால், 'அவன் இப்ப சுத்தமா விட்டுட்டாம்மா' என்கிறார். இது வஞ்சகமன்று, உண்மையைச் சொன்னால் தங்கச்சியின் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம். அந்த பயத்தை மதிக்கத் தெரியாத பணியாளர் அந்த வீட்டுக்குள் மறுமுறை நுழைய முடியாது. படிவங்களோ மலாய் மொழியில் இருக்கின்றன. கேள்விகளை மலாயில் கேட்டு மலாயில் விடை பெற்றால், 'ஆமாம்', 'இல்லை' என்பவை கிடைக்கும். மகனை நினைத்து ஒரு தாய் தமிழில் மட்டும் அழக்கூடிய அழுகையும், அதன் நடுவே நழுவிவிழும் விவரமும் படிவத்தில் ஏறுவதில்லை. தமிழ் அறிந்த பணியாளர் ஒருவர் அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், கோப்பின் ஆறு மாதக் குறிப்புகளில் இல்லாதது தெரிய வரும்.

இனி, குடி. போதைப்பொருள் சட்டங்கள் மதுவைத் தொடுவதில்லை. ஆனால் நம் சமூகத்தை வெகுகாலமாக அரித்துவருவது அதுவே. மலேசியத் தமிழர் இதை எதிர்த்துப் போராடாமல் இருந்தவர்கள் அல்லர். 1947ஆம் வருஷத் தொடக்கத்தில், கெடா மாநிலத்துப் பேடோங்கில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்ததும், போலீசார் தாக்கி உயிர்ச்சேதம் நேர்ந்ததும் நம் தொழிலாளர் சரித்திரத்தின் மறக்கலாகாத அத்தியாயங்கள். பின்னாளில் சம்சு என்னும் மலிவுச் சாராயத்தை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வருஷக்கணக்காகப் பிரசாரம் செய்தது. மது வாங்குவோரின் வயது வரம்பும் 2017 டிசம்பர் முதல் 21 ஆக உயர்ந்தது. இவையெல்லாம் கடையை நோக்கிய முயற்சிகள். கடையைத் தாண்டி வந்துவிட்டவனை நோக்கிய முயற்சிகள் மிகச் சொற்பம்.

அவன் விஷயத்தில் நம்மவர்களிடம் உள்ள நம்பிக்கையெல்லாம் சத்தியத்திலும் விரதத்திலும் இருக்கிறது. தைப்பூசத்துக்கு மாலை போட்டுக்கொண்டு, 48 நாள் தொடாமல் இருப்பவர்கள் பலர். அந்த மன உறுதியை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேறெந்த மருந்தும் ஒருவரை இத்தனை நாள் இத்தனை மரியாதையோடு நிறுத்தி வைப்பதில்லை. ஆனால் பல வருஷமாக நாள்தோறும் கடுமையாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதைக் கோயில் வாசலில் எடுத்துச் சொல்வோர் இல்லை. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் ஆனதிலிருந்து இரண்டு நாள்வரை வலிப்பு வரக்கூடும். இரண்டாம் மூன்றாம் நாளில், கை நடுங்கி, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வது போலத் தோன்றி, சித்தம் கலங்கும். அப்போது வீட்டார் பேய் பிடித்ததென்று வேப்பிலையோடு ஓடினால் பொழுது வீணாகும். எந்த அளவு குடித்தவர் வீட்டிலேயே நிறுத்தலாம், எவரைக் கட்டாயம் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று கணிப்பதற்கும் வேண்டியது, அவர் குடித்த அளவின் உண்மைக் கணக்கே. எல்லாரும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்கிறார்கள். மாலை போடும் முன்பே ஒருவர் கிளினிக்குக்கு வந்து சொல்லக்கூடுமானால், விரதத்துக்கும் வைத்தியத்துக்கும் பகை இராது. மாலை கழற்றிய மறுவாரத்தில், எல்லா உறுதியும் தளரும் அந்த வாரத்தில், பணியாளர் ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டவும் வழி பிறக்கும்.

விழுந்தவரைத் தோல்வியுற்றவரென்று முத்திரை குத்துவது இத்துறையில் எல்லாரும் செய்யும் பிழை. 2000ஆம் வருஷத்தில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில், மெக்லெல்லனும் அவருடைய சகாக்களும் ஒரு விஷயத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: போதைச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் 40 முதல் 60 சதவிகிதத்தினர் பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள், இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்களில் 50 முதல் 70 சதவிகிதத்தினருக்கு வருஷந்தோறும் நோய் மீண்டும் முற்றுகிறது. இரத்த அழுத்தம் ஏறிவந்த முதியவரை எந்த மருத்துவரும் வெளியே அனுப்புவதில்லை. இந்த எண்களைப் பணியாளர் அறிவார். தாம் மூன்று வருஷம் பாடுபட்டு வேலையில் அமர்த்திய ஒரு தம்பி, சம்பள நாளன்று மறைந்து போய், பத்து நாள் கழித்துத் தொலைபேசியையும் அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும்போது, எண்கள் மனத்துக்கு ஆறுதலாக இருப்பதில்லை.

அந்தப் பணியாளருக்கு ஆறுதல் சொல்வார் யார்? நம் நாட்டு மருத்துவ சமூகப் பணி, 1952இல் இங்கிலாந்திலிருந்து வந்த மருத்துவமனை ஊழியர்களோடு தொடங்கிற்று என்பர். பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் இதற்குப் பட்டப்படிப்பு நடத்திவருகிறது. இத்தனைக்குப் பிறகும், யார் சமூகப் பணியாளர், அவருக்கு என்ன தகுதி வேண்டும், தம்மிடம் சொல்லப்பட்ட இரகசியத்தைக் காக்க அவருக்கு என்ன உரிமை என்பதை வரையறுக்கும் சட்டத்துக்கு அமைச்சரவை 2010ஆம் வருஷமே இணங்கியும், அது பல வருஷங்கள் வரைவாகவே கிடந்தது. இதைத் தொழிற்சங்க விவகாரமாக எண்ணிவிடலாகாது. வக்கீலிடம் சொன்னதற்கு ஒரு காப்பு உண்டு; மருத்துவரிடம் சொன்னதற்கும் ஒரு காப்பு உண்டு; சமூகப் பணியாளரிடம் சொன்னதற்கு அத்தகைய பலமான காப்பில்லை என்றால், நோயாளி அவரிடம் எதற்காக வாயைத் திறப்பார்? பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர்களே களப்பணியாளராக இருக்கும் தொண்டு ஸ்தாபனங்களில் வேறொரு சங்கடமும் உண்டு. அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் இந்நோய் தெரியாது. அவர்களிடம் நோயாளிகள் மறைப்பதுமில்லை. ஆனால் நாள்தோறும் பழைய இடங்களுக்கே போய், பழைய வாசனைகளின் நடுவே நின்று பணிசெய்கிற அவர்களுக்கு மேற்பார்வையும் ஓய்வும் நிரந்தரச் சம்பளமும் இல்லாவிட்டால், நாம் ஒருவரைக் காக்க மற்றொருவரைப் பலியிடுகிறோம்.

செய்யக்கூடியவை கைக்கெட்டாத காரியங்கள் அல்ல. 2010இல் கோலாலம்பூரிலுள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலில், மலாயா பல்கலைக்கழகத்தின் துணையோடு மெத்தடோன் வழங்கத் தொடங்கினார்கள்; தொழுகைக்கு வந்த இடத்திலேயே சிகிச்சையும் கிடைத்தது. சென்னையில், கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, மனைவியையும் தாயையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொண்டது; 1989 முதல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று, ஊரார் ஒத்துழைப்போடு முகாம் நடத்தியது. இவ்விரண்டும் பெரும் பொருட்செலவில் பிறந்தவையல்ல. நோயாளி ஏற்கெனவே நம்பும் ஓர் இடத்துக்குச் சிகிச்சையைக் கொண்டு போனதில் பிறந்தவை. ஜோகூரில் தமிழர் கோயில்கள் எத்தனை, அவற்றின் மண்டபங்கள் வாரநாட்களில் எத்தனை மாலைப்பொழுதுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பதைக் கோயில் நிர்வாகத்தினர் அறிவார்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஏழு முதல் ஒன்பது மணிவரை, தமிழ் பேசும் பணியாளர் ஒருவர் அங்கே அமர்வதற்கு ஓர் அறையும், கதவைச் சாத்திக்கொண்டு பேச அனுமதியும் கொடுத்தால், தாம்போதியிலிருந்து திரும்புகிறவர் வீட்டுக்குப் போகுமுன் அங்கே இறங்கலாம். சுகாதார இலாகா, மெத்தடோன் சாளரங்களுள் ஒன்றிரண்டையாவது விடியலுக்கு முன்னோ இருட்டிய பின்னோ திறந்து வைக்கலாம். அந்த அறையில் எழுதப்படும் குறிப்பேடு நோயாளியின் சம்மதமின்றி எந்த அதிகாரியின் கைக்கும் போகாது என்று எழுத்தில் உத்தரவாதம் தருவது பாராளுமன்றத்தின் வேலை. அதுவே, அடுத்த தேர்தலில் இம்மாநிலத்தில் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சியாரிடமும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை.